மலை மேல் பிழைப்பு – 17: கடைசி வரியில் இருக்கும் குரூப்

குன்னூர் பக்கம் ஒரு டீ ஃபேக்டரி. காலை ஆறு மணி. தொட்டியில் இரவெல்லாம் காற்று வாங்கிக் கிடந்த பச்சை இலை நன்றாக வதங்கி, அள்ளிப் பிடித்தால் பந்துபோல நிற்கும் பதத்துக்கு வந்திருந்தது. கீழ்த்தளத்தில் ரோட்டர்வேனைத் தாண்டி சி.டி.சி. மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. பெல்ட்டில் வந்த தூளில் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் மூடித் திறந்தார் ஃபிட்டர் அண்ணன். என் கையிலும் கொஞ்சம் கொட்டினார்.

“சூடு தெரியுதுங்களா?”

தெரிந்தது. பிடித்துவைத்த கொழுக்கட்டை அளவுக்கு இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வரப்போகிறதோ என்று நெற்றியில் கைவைத்துப் பார்ப்போமே, அந்த அளவு.

“ரோலர்ல பல்லு மழுங்கிடுச்சு. இலைய வெட்டணும், இது நசுக்குது. நசுக்கினா சூடாகும். சூடானா டீயில கலர் செத்துப்போகும். மத்தியானம் கழட்டிடணும்.”

போன வாரம் கொழுந்துக் கூடையின் எடையோடு நிறுத்தியிருந்தேன். அந்தக் கொழுந்து தூளாகும் இடம் இந்த ரோலர்தான். நசுக்கு, கிழி, சுருட்டு என்ற மூன்று வேலைக்கான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் சேர்ந்தது சி.டி.சி. 1930 வாக்கில் அஸ்ஸாமின் அம்குரி எஸ்டேட்டில் மெக்கர்ச்சர் என்பவர் கண்டுபிடித்த மெஷின். எதிரெதிரே சுற்றும் இரண்டு எஃகு உருளைகள். ஒன்று நிமிடத்துக்கு 70 சுற்று சுற்றினால் மற்றது 700 சுற்றும். உருளை முழுக்க அங்குலத்துக்கு எட்டு அல்லது பத்து என்று பற்கள். மழுங்கிய ரோலரைக் கழற்றி, பழைய பல்லைக் கடைந்தெடுத்து, மில்லிங் போட்டுப் புதிதாகப் பள்ளம் வெட்டி, பிறகு சேஸிங் போட்டுக் குறுக்கே பல் எடுக்க வேண்டும். மறுபடி மாட்டும்போது இரண்டு ரோலரும் மயிரிழை பிசகாமல் ஒன்றையொன்று பார்த்து உட்கார வேண்டும். பிசகினால் அந்த வாரச் சரக்கு குன்னூர் ஏலத்தில் கிலோவுக்குச் சில ரூபாய் குறைந்துதான் போகும். நஷ்டத்தின் பெரும்பகுதி, பச்சை இலையின் விலை வழியாக, கால் ஏக்கர் அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியின் தலையில் விடியும்.

இந்த வேலையை எங்கே படித்தீர்கள் அண்ணா என்று கேட்டேன்.

“ப்ளஸ் டூல ஜெனரல் மெஷினிஸ்ட். டென்த்ல கணக்குல கம்மி. ‘உனக்கு வேற குரூப்பு கெடைக்காதுடா, வொக்கேஷனல்ல உக்காரு’ன்னு சொன்னாங்க. உக்காந்தேன். ஃபைல் புடிக்க அங்கதான் கத்துக்கிட்டேன். மீதியெல்லாம் இங்க வந்து திட்டு வாங்கிக் கத்துக்கிட்டது.”

டீ மேக்கரை விட்டால் அந்த ஃபேக்டரி லீவு கொடுக்கப் பயப்படும் ஒரே ஆள் இவர்தான். இவரை உருவாக்கிய வகுப்பறைக்குள் இவர் நுழைந்த காரணமோ, கணக்கில் மார்க் கம்மி.

பள்ளி வாசலில் ஒட்டியிருக்கும் பதினோராம் வகுப்பு அட்மிஷன் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். கணக்கு–உயிரியல் மேலே, கணினி அடுத்து, வணிகவியல் அதற்கடுத்து, தொழிற்பிரிவு கடைசி வரி. எந்த அரசாணையும் அந்த வரிசையைச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாப் பள்ளியிலும் அதே வரிசைதான். மேலே இடம் கிடைக்காதவர்கள் வழிந்து கீழே வந்து நிரம்பும் தொட்டியாகவே அது இருந்துவருகிறது.

தொடங்கியபோது எண்ணம் வேறாக இருந்தது. 1978-ல் தமிழ்நாட்டில் பி.யூ.சி. போய் ப்ளஸ் டூ வந்தது. 1964–66ன் கோத்தாரி கமிஷன் சொன்ன பத்து, இரண்டு, மூன்று என்ற கணக்கு. அந்த இரண்டாண்டில் ஒரு பகுதி மாணவர்கள் கல்லூரி வாசலைப் பார்க்காமலே கையில் ஒரு தொழிலோடு வெளியே வரவேண்டும் என்று தொழிற்பிரிவையும் உடனே தொடங்கிவிட்டார்கள். இதில் தமிழ்நாடு மற்ற பல மாநிலங்களுக்கு முன்னால் போனது. அதே 1978-ல், மேல்நிலைக் கல்வியைத் தொழில்மயமாக்குவது பற்றி மத்திய அரசு அமைத்த குழுவின் அறிக்கை வந்தது. தலைவர் மால்கம் ஆதிசேஷய்யா. வேலூரில் பிறந்து, யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநர் வரை போய், ஊர் திரும்பி, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். செய்யக் கற்பது என்பதையே தன் தலைப்பாக வைத்திருந்த அறிக்கை அது.

அந்தக் காலத்துப் பாடப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே ஒரு வாசனை வரும். ஜெனரல் மெஷினிஸ்ட், ஆட்டோ மெக்கானிக், டிராஃப்ட்ஸ்மேன் சிவில், ஆபீஸ் செக்ரட்டரிஷிப், நர்சிங், டெக்ஸ்டைல். நான் படித்த பள்ளியில் ஆபீஸ் செக்ரட்டரிஷிப் இருந்தது. நீளமான அறை, துணி உறை போட்ட டைப்ரைட்டர்கள். மழை நாளில் அந்த அறையிலிருந்து வரும் சத்தத்தைத் தகரக் கூரையில் விழும் மழையிலிருந்து பிரிக்க முடியாது. பாதி மெஷினில் ‘a’ எழுத்து மேலே எழும்பாது. அந்தப் பிள்ளைகளை மற்ற வகுப்பு ஆசிரியர் ஒருவர் ‘தட்டு கோஷ்டி’ என்பார். நாங்கள் சிரிப்போம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கோஷ்டியில் இருந்த இருவர் எங்களில் பலருக்கு முன்னால் அரசு வேலைக்குப் போய்விட்டார்கள்.

1986-ன் தேசியக் கல்விக் கொள்கை ஓர் இலக்கு வைத்தது: மேல்நிலை மாணவர்களில் 1990-க்குள் 10 சதவீதம், 1995-க்குள் 25 சதவீதம் தொழிற்பிரிவில் இருக்க வேண்டும். நடக்கவில்லை. 1992-ல் அதே எண்களை ஐந்தாண்டு தள்ளிவைத்தார்கள். அதுவும் நடக்கவில்லை. 2020-ன் கொள்கை, 2025-க்குள் பள்ளி, கல்லூரி மாணவர்களில் பாதிப் பேருக்காவது தொழிற்கல்வி அனுபவம் கிடைக்க வேண்டும் என்றது. 19 முதல் 24 வயது வரையிலான இந்தியத் தொழிலாளர்களில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் 5 சதவீதத்துக்கும் கீழே. ஜெர்மனியில் 75, தென் கொரியாவில் 96 என்று அந்த ஆவணமே புள்ளிவிவரமும் தருகிறது. இலக்கு வைப்பதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

ஏன் நடக்கவில்லை என்பதற்குப் பணம், ஆசிரியர், கருவி என்று பல காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் உண்மை. தொழிற்பிரிவு ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டு, பிறகு பிரிவையே மூடிய பள்ளிகள் மாநிலமெங்கும் இருக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டில் இன்னொரு காரணம் உண்டு. தொழிற்கல்வி என்ற சொல்லைக் கேட்டதும் இங்கே ஒரு தலைமுறைக்கு 1953 நினைவுக்கு வரும்.

அந்த ஆண்டு ராஜாஜி அரசு கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளில் படிப்பை நாளுக்கு மூன்று மணி நேரமாக்கியது. மீதி நேரம் பிள்ளை வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர் விழுந்தது. பெரியார் எதிர்த்தார், தி.மு.க. எதிர்த்தது, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு. 1954-ல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் போனது. பள்ளிக்கூட நேரத்தில் கருவியைக் கையில் கொடுப்பவர் யாராக இருந்தாலும், ‘யார் பிள்ளை கையில் கொடுக்கிறீர்கள்?’ என்று இந்த மாநிலம் திருப்பிக் கேட்பது அப்போதிருந்துதான். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

நீலகிரியில் இந்தக் கேள்விக்கு இன்னும் பழைய வேர் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த மலையின் கொல்லர், தச்சர், குயவர், இசைக் கலைஞர் எல்லாம் கோத்தர் என்ற பழங்குடியினர்தாம். ஏழே ஊர்கள். படகருக்குக் கலப்பைக் கொழுவும் அரிவாளும், தோடருக்குக் கத்தியும் பானையும், சாவு வீட்டில் கொட்டும் குழலும். மண்பாண்டம் பெண்களின் கை. பதிலுக்குத் தானியம், நெய். தொழிற்பயிற்சி என்று பார்த்தால் இதைவிடச் செம்மையான ஏற்பாடு கிடையாது. அப்பனின் உலையில் மகன் துருத்தி ஊதிக் கற்றான். ஆனால் அந்தத் திறமைக்குக் கூலியாகத் தானியத்தோடு ஒரு தாழ்ந்த இடமும் சேர்ந்து வந்தது. 1930-களில் கோத்தர்களிடையே மாற்றம் வேண்டுமென்று நின்றவர் சுள்ளி. ஆங்கிலம் படித்து ஆசிரியரானவர். மொழியியலாளர் எமனோ கோத்தர் கதைகளைத் தொகுத்தபோது கதை சொன்னவரும் அவர்தான். மற்றவர் வீட்டுச் சாவுக்குப் போய் வாசிப்பதை நிறுத்தச் சொன்னவர்களில் அவர் ஒருவர். உலையிலிருந்து வெளியே வரும் வழியாகத்தான் அவர்கள் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார்கள். இன்று கோத்தர் குடும்பங்களில் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் இருப்பவர்கள் பலர். அவர்களிடம் போய் ‘உங்கள் பாரம்பரியத் தொழில் அழிகிறதே’ என்று அங்கலாய்க்கும் சுற்றுலாப் பயணிகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எஸ்டேட்டில் பிறப்பும் தொழிலும் ஒட்டிக்கிடப்பது இன்னும் நேரடி. லயன் வீடு வேலையோடு ஒட்டியது. அம்மா பேர் எஸ்டேட்டின் ஆள் பட்டியலில் விழும்வரைதான் கூரை. 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது; கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் டேன்டீ என்றால் எல்லாருக்கும் தெரியும். அங்கேயும் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆகவே ‘என் பிள்ளை கொழுந்து பறிக்கக் கூடாது’ என்று சொல்லும் அதே தாய், வீட்டில் ஒருவராவது பேர் கொடுத்து வேலையில் இருந்தாக வேண்டும் என்பதையும் அறிவாள். அவளிடம் தொழிற்பிரிவின் மகிமையைப் பேசுவதற்கு முன், அந்தப் படிப்பு பிள்ளையை லயனுக்கு வெளியே கொண்டுபோகுமா என்பதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

இதே மலையில், லவ்டேலில், இந்தியாவின் பணக்காரப் பள்ளிகளில் ஒன்று இருக்கிறது. லாரன்ஸ் பள்ளி. 1858-ல் அது தொடங்கியபோது பெயர் லாரன்ஸ் அசைலம். வெள்ளைச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதி. 1870-களின் தொடக்கத்தில் சென்னையின் ஆண்கள் அநாதை விடுதியும் இதனோடு இணைந்தது. அந்தச் சென்னை விடுதிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அதன் பையன்களை வைத்து அச்சகம் நடந்தது. பின்னாளில் லாரன்ஸ் அசைலம் பிரஸ் என்ற பெயரில் பஞ்சாங்கமும் டைரக்டரியும் அச்சிட்டுத் தென்னிந்தியா முழுக்க விற்றது அந்த மரபுதான். 1794-ல் மைக்கேல் டாப்பிங் நில அளவை கற்றுக்கொடுக்க ஒரு பள்ளி தொடங்கியபோது, முதலில் எடுத்த எட்டுப் பையன்களும் அந்த விடுதிப் பிள்ளைகள்தாம். சங்கிலி பிடிக்கவும் கோணம் பார்க்கவும் பழகிய அந்தப் பள்ளிதான் வளர்ந்து வளர்ந்து இன்று கிண்டி பொறியியல் கல்லூரி.

கட் ஆஃப் 199-க்கு மேலே வாங்கியவர்கள் முட்டி மோதும் கிண்டியின் வேர், அநாதைப் பிள்ளைகளுக்கான ஒரு வொக்கேஷனல் குரூப்! அந்தப் பையன்கள் வெள்ளைக்கார ரத்தம் என்பதால் அவர்களுக்குக் கதவு திறந்திருந்தது என்று ஒரு நண்பர் மறுத்தார். நானும் அதைத்தான் சொல்கிறேன். சங்கிலி பிடித்தவன் சர்வேயராகலாம், சர்வேயர் இன்ஜினியராகலாம் என்ற படி அங்கே இருந்தது. கோத்தரின் உலைக்கு அந்தப் படி இல்லை. கருவியில் எந்தக் குற்றமும் இல்லை. அதைப் பிடித்தவன் அடுத்த படிக்குப் போக வழி வைத்தார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

படி இருந்தால் இந்த மலையிலும் பிள்ளைகள் ஏறியிருக்கிறார்கள். அருவங்காட்டில் 1903-ல் தொடங்கிய கார்டைட் ஃபேக்டரியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, மெஷினிஸ்ட், ஃபிட்டர் என்று நுழைந்து, சார்ஜ்மேனாக வெளியே வந்தவர்களின் குடும்பங்கள் வெலிங்டனிலும் குன்னூரிலும் தெருவுக்குத் தெரு. குன்னூர் லோகோ ஷெட் இன்னொன்று. மேட்டுப்பாளையம்–குன்னூர் பல்சக்கரப் பாதையில் இன்னும் நீராவி எஞ்சின் ஓடுகிறது. இப்போதைய வகை எஞ்சின்கள் முதலில் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்தவை. 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகக் கட்டிக் கொடுத்தார்கள். உலகில் பெரும்பாலும் மியூசியத்துக்குப் போய்விட்ட ஒரு தொழில், குன்னூரில் தினமும் கரி படிந்த கையோடு டீ குடிக்கிறது.

எச்.பி.எஃப். கதை வேறு. ஊட்டி இந்து நகரில் 1960-களில் வந்த ஃபிலிம் தொழிற்சாலை. ஃபிலிமுக்கு ரசாயனம் பூசும் வேலை முழுக்க முழுக்க இருட்டில் நடக்கும். தடவித் தடவியே மெஷினைக் கட்டி ஆளும் பழக்கம் வந்த கைகள் அவை. ஊட்டியில் மாப்பிள்ளை எச்.பி.எஃப். என்றால் பெண் வீட்டார் வேறு கேள்வி கேட்காத காலம் இருந்தது. ஏற்கெனவே நொடித்திருந்த கம்பெனியை டிஜிட்டல் கேமரா முடித்துவைத்தது. இருட்டில் கற்ற அந்த வேலையை நாட்டில் வேறெங்கும் கொண்டுபோய் விற்க முடியவில்லை. விருப்ப ஓய்வுப் பணம் வாங்கியவர்களில் எலெக்ட்ரீஷியன்களும் ஃபிட்டர்களும் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் பிழைத்தார்கள். பூச்சு வேலை மட்டுமே தெரிந்தவர்கள் டிராவல்ஸும் பெட்டிக் கடையும் வைத்தார்கள்.

இதனால்தான், ‘நீலகிரியில் தேயிலைத் தொழிலையே ப்ளஸ் டூ பாடமாக வைத்துவிடலாமே’ என்று சிலர் சொல்லும்போது எனக்குத் தயக்கம். எஸ்டேட் பிள்ளைக்குத் தேயிலைப் பாடம் என்றால் அது 1953-ன் வாசலில் போய் நிற்கும், எச்.பி.எஃப். போல ஒரே சரக்கை நம்பியும் நிற்கும். ஆனால் இப்போதிருப்பது அதற்கு நேர் எதிரான கோளாறு. 2018-ல் பாடத்திட்டத்தைப் புதுப்பித்தபோது அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல், உணவக மேலாண்மை, வேளாண் அறிவியல், செவிலியம் என்று பன்னிரண்டு பாடங்களாக ஒழுங்குபடுத்தினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் கன்னியாகுமரிக்கும் கூடலூருக்கும் ஒரே புத்தகம், ஒரே செய்முறைப் பட்டியல். அந்தப் பையன் பள்ளிக்கு வரும் வழியில் மூன்று டீ ஃபேக்டரி. உள்ளே மோட்டார், கியர், பெல்ட், டிரையர், ரோலர். பள்ளியில் அவன் படம் வரைந்து பாகம் குறிக்கிறான்.

ஃபைல் பிடிக்கவும் வெர்னியர் பார்க்கவும் புத்தகத்தில் உள்ளதையே கற்கட்டும்; கையைப் பழக்குவது மட்டும் பக்கத்து ஃபேக்டரியில் நடக்கட்டும். ரோலருக்குப் பல் எடுக்கத் தெரிந்தவனுக்குக் கோவையில் கியர் வெட்டுவது புது மொழியாக இருக்காது. ஊட்டி ஹோட்டல் கிச்சனில் பழகியவனுக்குத் துபாய் கிச்சனும் அப்படித்தான்.

படிகளும் முன்பைவிடக் கொஞ்சம் கூடியிருக்கின்றன, பலருக்குத் தெரியாமலே. தொழிற்பிரிவில் ப்ளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பொறியியல் கலந்தாய்வில் தொழிற்பிரிவுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. போனவர் மொழித்தாள்களை எழுதித் தேறினால் ப்ளஸ் டூவுக்குச் சமம். குன்னூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, கூடலூரிலும் இருக்கிறது. மாநிலத்தின் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்திருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன், மாதம் ஆயிரம் ரூபாய், ஐ.டி.ஐ.க்கும் உண்டு. ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: ப்ளஸ் டூவில் செவிலியம் எடுத்ததாலேயே பெண் நர்ஸாகிவிட மாட்டாள். அங்கீகரித்த நர்சிங் படிப்பை முடித்தால்தான் கவுன்சிலில் பதிவு. இதைச் சேரும் நாளிலேயே தெளிவாகச் சொல்லாததால் இரண்டு வருடம் கழித்து அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மத்தியானம் ஃபிட்டர் அண்ணன் சொன்னபடி ரோலரைக் கழற்றினார். செயின் பிளாக்கில் தொங்கிய எஃகு உருளையைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. ஒடிசாவிலிருந்து வந்திருந்த பேக்கிங் பையனைக் கூப்பிட்டார். கைக்கு உதவியாக யாரும் கற்றுக்கொள்ள வரவில்லையா என்றேன்.

“எவன் வரான்? நம்ம பையனே பி.காம். சேர்ந்துட்டான். வேணாம்னு நானும் சொல்லல. நான் என்ன, இஷ்டப்பட்டா இதுக்கு வந்தேன்?”

இன்னும் மூன்று வருடத்தில் அவருக்கு 58. அந்த ஃபேக்டரியின் கேட்டிலிருந்து அரசு மேல்நிலைப் பள்ளி மணி அடிப்பது கேட்கும். அங்கே இருந்த மெஷினிஸ்ட் பிரிவை, வாத்தியார் ஓய்வு பெற்ற பிறகு மூடிவிட்டார்கள். லேத் இன்னும் இருக்கிறதாம், ஸ்டோர் ரூமில், பழைய பெஞ்சுகளுக்கு அடியில்.

இந்தத் தொடரைப் படிக்கும் ஃபேக்டரி முதலாளிகள் சிலர் எனக்கு எழுதுகிறீர்கள். ஒன்று கேட்கிறேன். ரோலர் கழற்றும் நாள் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அதற்கு முந்தின நாள் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு போன் போடுங்கள். பத்துப் பிள்ளைகள் வந்து பார்க்கட்டும். கணக்கில் நூறு வாங்கியவர்களையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

(தொடரும்)